ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு கல்

2022 பிப்ரவரி 20, பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பெண்கள் கர்லிங் (ஐஸில் கல் தள்ளும் ஆட்டம்) ஃபைனல். பிரிட்டன் 10, ஜப்பான் 3. தங்கம் ஈவ் முயர்ஹெட் டீமுக்கு, வெள்ளி சத்சுகி ஃபுஜிசாவா டீமுக்கு. அன்றைக்கு டிவி பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது, அந்த இரண்டு டீமும் இரண்டு மாதம் முன்புவரை ஒலிம்பிக்குக்கே தேர்வாகவில்லை என்று. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் லேவார்டன் என்ற ஊரில், கடைசி மூன்று இடத்துக்காக ஒன்பது நாடுகள் முட்டிமோதிய தகுதிப் போட்டியில் இரண்டுமே இருந்தன. அங்கே ஒரு கல் சறுக்கியிருந்தால் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியவர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்திருப்பார்கள்.

நான் கொஞ்ச நாளாகவே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். கர்லிங் பார்ப்பதென்றால் ஃபைனலை விடுங்கள், தகுதிப் போட்டியைப் பாருங்கள். அதிலும் ஆட்டம் தொடங்கிய பிறகு போய்ப் பிரயோஜனமில்லை. முன்னாடியே போய் உட்கார வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் நியூசிலாந்தின் டனீடனில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பொட்டாசியம், கிரியாட்டினின், ஹீமோகுளோபின் என்று நாள் முழுக்க எண்களோடுதான் குடித்தனம். கூட வேலை பார்த்த ஓர் அம்மா ஒரு சனிக்கிழமை "வா, கல் தள்ளலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். அப்படித் தொற்றிக்கொண்டதுதான் இந்தக் கர்லிங். நான் நன்றாக ஆடுவேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் டீம் ஸ்கிப்பிடம், அதாவது கேப்டனிடம், கேட்டால் இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்வார். ஆனால் அளப்பது என்றால் எனக்கு உயிர். ஒரு எண்ணை எப்படி எடுத்தார்கள், எத்தனை தடவை எடுத்தார்கள், அதை நம்பலாமா கூடாதா என்பதெல்லாம் என் தொழிலோடு ஒட்டிய கிறுக்கு. கர்லிங்கில் என்னைப் பிடித்து இழுத்ததும் அந்தக் கிறுக்குதான்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 45 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம், 5 மீட்டருக்குள் அகலம், இப்படி ஒரு ஐஸ் பாதை. அதற்கு ஷீட் என்று பேர். அதன் கோடியில் 12 அடி விட்டத்தில் ஒரு வட்டம், அதுதான் ஹவுஸ். ஹவுஸின் நடுவில் இருப்பது பட்டன். டீமுக்கு நாலு பேர், ஆளுக்கு இரண்டு கல். ஒரு கல் கிட்டத்தட்ட 20 கிலோ. ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் அய்ல்சா கிரெய்க் என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது, ஒலிம்பிக்கில் ஓடுகிற கல்லெல்லாம் அந்தத் தீவின் கிரானைட்தான். இரண்டு டீமும் பதினாறு கல்லையும் போட்டு முடித்ததும், பட்டனுக்கு மிக நெருக்கமாக யார் கல் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும்தான் பாயிண்ட். அது ஒரு எண்டு. இப்படிப் பத்து எண்டு. கடைசிக் கல் போடும் உரிமைக்கு ஹேமர் என்று பேர். ஹேமர் கையில் இருப்பவர்தான் அந்த எண்டுக்கு முதலாளி. கேரம் ஆடியவர்களுக்கு இதெல்லாம் சட்டென்று பிடிபடும். ஆனால் கேரமில் காய் குழிக்குள் விழுந்துவிட்டால் வேலை முடிந்தது. இங்கே கல்லைச் சொன்ன இடத்தில் நிற்க வைக்க வேண்டும். நிற்க வைப்பதில்தான் உயிர் போகும்.

சரி, தகுதிப் போட்டி எதற்கு? 2019 உலக சாம்பியன்ஷிப்பில் ஆண்களுக்கு 13 டீம், பெண்களுக்கு 13 டீம். இடம் பிரித்த கணக்கைச் சொல்கிறேன். அமெரிக்கக் கண்டங்களிலிருந்து இரண்டு, ஆசியா-பசிபிக்கிலிருந்து இரண்டு, ஐரோப்பாவிலிருந்து ஏழு. ஆக 11 இடம் கண்டப் போட்டிகளோடு தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது இரண்டு. அந்த இரண்டுக்கும், கண்டப் போட்டிகளில் மயிரிழையில் கோட்டை விட்டவர்களையும் கீழ்ப் பிரிவிலிருந்து மேலே ஏறி வந்தவர்களையும் ஒரே இடத்தில் கூட்டி மோதவிட்டார்கள். இந்த ஏற்பாடு முதல்முதலாக நடந்தது 2019 ஜனவரியில். இடம் நியூசிலாந்து, நேஸ்பி.

நேஸ்பி எங்கள் ஊரிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம். கடலோரமாகப் பால்மர்ஸ்டன் வரைக்கும் போய், அங்கிருந்து பிக்ரூட் மலைப்பாதையில் ஏறினால் மானியடோட்டோ சமவெளி விரியும். ஜனவரி என்றால் இங்கே நல்ல கோடை. புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்தில் கிடக்கும், ஆட்டு மந்தை நிழல் தேடி வேலியோரம் ஒண்டிக்கொண்டிருக்கும். ஊரில் ஜனம் நூற்றுச் சொச்சம்தான். கவலைக்கு 2000 அடி மேலே இருக்கும் ஊர் என்று அவர்களே விளம்பரம் செய்துகொள்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தங்கம் தோண்ட வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் கர்லிங்கையும் கூடவே கொண்டுவந்தார்கள். தங்கம் தீர்ந்துபோனது, கர்லிங் தீரவில்லை. குளம் நன்றாக உறைந்த வருஷங்களில் இன்றைக்கும் இந்தப் பக்கத்து விவசாயிகள் திறந்தவெளியில் கூடி ஆடுகிறார்கள். நடுக்கோடையில் கொரியாவிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் டீம்கள் வந்து இறங்குகிற அளவுக்கு இங்கே நாலு ஷீட் கொண்ட உள்ளரங்கமும் இருக்கிறது.

காரிலிருந்து இறங்கியதும் என் வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார். வெளியே வேர்த்துக் கொட்டுகிறது. "ஏம்மா, நிஜமாவே இது வேணுமா?" என்றார். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் என்னுடைய சால்வையையும் வாங்கிப் போர்த்திக்கொண்டார். அவர் பிறவியிலேயே கிரிக்கெட் ஆள். "கப்பு யாருக்குக் குடுப்பாங்க?" என்பது அடுத்த கேள்வி. கப்பு கிடையாது என்றேன். "மெடல்?" அதற்கும் இல்லை என்றேன். "அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் வர்றாங்க?" இன்னொரு இடத்துக்குப் போய் ஆட அனுமதி வாங்குவதற்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இப்போது நான் சொல்லவந்த இடத்துக்கு வருகிறேன். டீம்கள் பயிற்சிக்காக ஐஸில் சில நிமிஷம் கல் தள்ளிப் பார்ப்பார்கள். அது முடிந்த கையோடு, ஆட்டம் தொடங்குமுன், ஒவ்வொரு டீமும் இரண்டு கல் போடும். ஒருவர் வலஞ்சுழியாக ஒரு கல், இன்னொருவர் இடஞ்சுழியாக ஒரு கல். எதிரில் ஒரு கல்லும் கிடையாது, தட்டிவிட வேண்டியது எதுவும் கிடையாது. வெறும் ஐஸ், வெறும் வட்டம். கல்லைக் கொண்டுபோய்ப் பட்டனில் நிற்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். கூட வருகிறவர்கள் கல்லுக்கு முன்னால் ஐஸைப் பிரஷ் வைத்துத் தேய்க்கலாம். கல் நின்றதும் அதிகாரி ஒருவர் நடுப்புள்ளியில் கருவியை ஊன்றிக் கல் வரைக்கும் அளப்பார். இரண்டு கல்லின் தூரத்தையும் கூட்டி, எந்த டீமுக்குக் குறைவோ அந்த டீமுக்கு முதல் எண்டில் ஹேமர். டாஸ் போடுவதற்குப் பதில் இது.

நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு நேர் எதிர் ஷீட்டில் ஒரு பெண்கள் டீம். அவர்களில் முதல் கல் போடும் பெண், வயது இருபதைத் தாண்டியிருக்காது, ஹேக்கில் கால் ஊன்றி உட்கார்ந்தாள். ஹேக் என்பது ஐஸில் பதித்திருக்கும் ரப்பர் மிதி. அவள் கல்லைத் தலைகீழாகப் புரட்டினாள். அடிப்பக்கத்தைக் கையால் துடைத்தாள். அந்த அடிப்பக்கம் முழுசாக ஐஸில் படாது. நடுவில் குழிந்து, ஓரமாக ஒரு மெல்லிய வளையம்தான் ஐஸைத் தொடும். அந்த வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் போச்சு. துடைத்துவிட்டுத் திரும்ப நிமிர்த்தி வைத்தாள். கைப்பிடியைக் கடிகாரத்தின் பத்து மணிக்குத் திருப்பிப் பிடித்தாள். மறுகோடியில் ஸ்கிப் பிரஷ்ஷை நட்டு, இங்கே பார்த்து விடு என்று காட்டிக்கொண்டு நின்றாள். இவள் பின்னால் இழுத்து, உந்தி, சறுக்கிக்கொண்டே வந்து, ஹாக் கோட்டுக்கு (கல்லைக் கைவிட்டாக வேண்டிய எல்லைக் கோடு) முன்னால் கையை மெதுவாகப் பன்னிரண்டு மணிக்குக் கொண்டுவந்து விட்டாள். தேய்ப்பவர்களில் ஒருத்தி கழுத்தில் தொங்கிய ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துவிட்டு ஏதோ ஒரு எண்ணைக் கத்தினாள். ஹேக் பக்கக் கோட்டிலிருந்து ஹாக் கோடு வரைக்கும் கல் எத்தனை விநாடியில் வந்தது என்று பார்த்தால், அது எங்கே போய் நிற்கும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். 0.1 விநாடி முன்பின்னானால் கல் மீட்டர்க் கணக்கில் தள்ளிப்போகும்.

கல் கடைசிக் கட்டத்தில் செத்தேன் பிழைத்தேன் என்று ஊர்ந்து, வளைந்து, பட்டனுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி நின்றது. அதிகாரி வந்து குனிந்து அளந்து, அட்டையில் எழுதினார். அந்தப் பெண் அங்கேயே முட்டியிட்டபடி, கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைதட்டக்கூட ஆளில்லை. எல்லாரும் காபி வாங்கப் போயிருந்தார்கள்.

"மேட்ச்சே தொடங்கல, அதுக்குள்ள அந்தப் புள்ள ஏன் இவ்வளவு டென்ஷனாகுது?" என்றார் இவர்.

ஏனென்றால் அந்த எண் அந்த ஆட்டத்தோடு போவதில்லை. லீக் சுற்று முழுக்க ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் எடுத்த இந்த அளவுகளைச் சேர்த்து, மோசமானதைக் கழித்து, சராசரி போட்டு வைப்பார்கள். கடைசியில் இரண்டு டீம் சமமான வெற்றியோடு நின்றால் முதலில் அவர்களுக்குள் யார் யாரை ஜெயித்தார்கள் என்று பார்ப்பார்கள். அதிலும் தீராவிட்டால் இந்தச் சென்டிமீட்டர்தான் பேசும். இன்னொரு விதியும் இருக்கிறது. ஸ்கிப்பே ஒவ்வொரு தடவையும் போட்டுக் காப்பாற்ற முடியாது. லீக் முடிவதற்குள் டீமில் எல்லாரும் இரண்டு சுழியிலும் போட்டாக வேண்டும். டீமின் பலவீனமான கை எதுவோ அதுவும் அட்டையில் ஏறிவிடும். ஆய்வகத்தில் நாங்கள் நல்ல மாதிரியை மட்டும் பொறுக்கி எடுத்து ரிப்போர்ட் கொடுத்தால் வேலை போய்விடும். அதே நேர்மைதான் இங்கேயும். எனக்கு இந்த விதியை யார் எழுதினார்களோ அவர்களை ஒருநாள் பார்த்துக் கை குலுக்க வேண்டும்.

இத்தனை நுணுக்கமும் நிற்பது ஐஸின் மேல். கர்லிங் ஐஸ் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஐஸ் போடுகிறவர் முதுகில் தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக்கொண்டு, கையில் பூவாளித் தலை போல ஒன்றை வீசி வீசிப் பின்னாலேயே நடப்பார். தெளிக்கிற துளியெல்லாம் அப்படியே உறைந்து குட்டிக் குட்டி மொட்டுகளாக நிற்கும். அதற்குத்தான் பெபிள் என்று பேர். கல் ஓடுவது அந்த மொட்டுகளின் தலைமேல். ஆட ஆட மொட்டு தேயும். முதல் எண்டில் வளைந்த மாதிரியே எட்டாவது எண்டில் வளையாது. வெளியே சுட்டெரிக்கிற வெயில், உள்ளே ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே 5 டிகிரி வாக்கில். நடுவில் கதவு திறந்து மூடுகிறது, ஈரப்பதம் புகுகிறது. அந்த ஐஸ் ஆள் ஒரு நிமிஷம் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. கல் ஏன் அந்தப் பக்கம் வளைகிறது என்பதிலேயே இயற்பியல்காரர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. மேஜையில் ஒரு டம்ளரைக் கவிழ்த்துச் சுழற்றித் தள்ளினால் அது ஒரு பக்கம் வளையும். கர்லிங் கல் அதே சுழற்சிக்கு நேர் எதிர்ப் பக்கம் வளையும். 2013-இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்துக்காரர்கள், கல்லின் முன்விளிம்பு ஐஸில் கீறிவிடும் கோடுகள்தான் பின்விளிம்பைத் திருப்புகின்றன என்றார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் புரியாமலேயே அதைச் சென்டிமீட்டருக்கு ஆடிக்காட்டுகிறார்கள்.

ஆட்டங்களைப் பற்றி ஆட்டம் ஆட்டமாக எழுதப்போவதில்லை. அரங்கத்தில் கேட்ட சத்தத்தை மட்டும் சொல்கிறேன். நாலு ஷீட்டிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். ஒரு பக்கம் கொரிய மொழியில் "இன்னும் தேய்", பக்கத்தில் டச்சு மொழியில் "விடு விடு", அதற்கும் அப்பால் நியூசிலாந்துக்காரர்களின் இங்கிலீஷ். கடைசிக் கல்லுக்கு முன்னால் ஒரு டீம் ரொம்ப நேரம் கூடிக் கூடிப் பேசும். டீமுக்கு யோசிக்க மொத்தமாக 38 நிமிஷம்தான், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு ஷீட்டில் சத்தம் நின்றுபோகும். பார்த்தால் எட்டுப் பேரும் கை குலுக்கிக்கொண்டிருப்பார்கள். இனி மீளமுடியாது என்று தெரிந்தால் தோற்பவர்களே முன்வந்து கையை நீட்டிவிடுவது கர்லிங்கின் வழக்கம். சாதாரணப் போட்டியில் அந்தக் கைகுலுக்கலுக்குப் பிறகு இரண்டு டீமும் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பார்கள், ஜெயித்தவர் செலவில். இங்கேயும் உட்கார்ந்தார்கள். ஆனால் ஒரு மேஜையில் யாரோ ஃபோனில் திரும்பிப்போகும் விமானத்தைத் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

இப்படிப்பட்ட போட்டிக்கு வருகிறவர்களில் பலருக்கு இது பிழைப்பு இல்லை. பெரிய நாட்டு டீம்களுக்குப் பயிற்சியாளர், மனநல ஆலோசகர், வீடியோ எடுக்க ஆள் என்று ஒரு பரிவாரமே இருக்கும். மற்றவர்கள் எங்களைப் போல வேலைக்கு லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறவர்கள்.

ஆண்களில் கொரியாவும் நெதர்லாந்தும், பெண்களில் சீனாவும் பின்லாந்தும் தேர்வாயின. உலக சாம்பியன்ஷிப்புக்காக நெதர்லாந்து அந்த வசந்தத்தில் கனடாவின் லெத்பிரிட்ஜுக்குப் போனது, பின்லாந்து டென்மார்க்கின் சில்கபோர்க்குக்குப் போனது. இரண்டும் அங்கே முதல் ஆறுக்குள் வரவில்லை. கொரிய ஆண்களும் வரவில்லை. ஆனால் நேஸ்பி வழியாகப் போன சீனப் பெண்கள் சில்கபோர்க்கில் முதல் ஆறு இடத்துக்குள் வந்து பிளே-ஆஃப் ஆடினார்கள். நேராகவே இடம் வாங்கிக்கொண்டு வந்த கனடா வெளியே நின்றது. கர்லிங்கில் கனடா வெளியே நிற்பது என்றால் அங்கே பத்திரிகைகள் துக்கம் கொண்டாடும்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2020 ஜனவரியில் இதே போட்டி பின்லாந்தின் லோயாவில். பெண்களில் கொரியாவும் இத்தாலியும், ஆண்களில் சீனாவும் ரஷ்யாவும் ஜெயித்து டிக்கெட் வாங்கின. மார்ச்சில் கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜில் பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப். தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது கொரோனாவால் ரத்து. கிளாஸ்கோவில் ஆண்களுக்கானதும் ரத்து. வேறொன்றும் கொடுக்காத போட்டி அது, கொடுத்த ஒன்றே ஒன்று அந்த டிக்கெட்தான், அதுவும் அந்த வருஷம் செல்லாத நோட்டாகிவிட்டது.

லேவார்டனுக்கு வருவோம். இதில் ஒரு கூத்து நடந்தது. போட்டிக்கு விளம்பரம் கொடுத்தவர்களில் ஒரு நிறுவனம் படுக்கையறைச் சமாச்சாரங்கள் விற்கிறது. அதன் பெயர் ஐஸில் பெரிதாக எழுதப்பட்டிருந்தது. அமெரிக்காவின் என்பிசியும் ஜப்பானின் என்எச்கேவும் அதைக் காட்ட மாட்டோம் என்று ஒளிபரப்பை நிறுத்திவிட்டன. அந்த நாட்டு ரசிகர்களுக்குத் தங்கள் டீம் ஒலிம்பிக் போகுமா போகாதா என்பதை ஸ்கோர்போர்டு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை. கடைசியில் பெயரை எடுத்துவிட்டு, அனைவருக்கும் சமத்துவம் என்ற பொருளில் ஒரு வாசகத்தைப் போட்டார்கள். ஐஸ் மானம் காத்தது.

முயர்ஹெட்டுக்கு அங்கே வரவேண்டிய நிலை ஏன் வந்தது? 2014 சோச்சியில் வெண்கலம் வாங்கியவர். 2018 பியோங்சாங்கில் அதே வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஃபுஜிசாவாவின் ஜப்பானிடம் 5-3 என்று தோற்றார். 2021 உலக சாம்பியன்ஷிப்பில் முதல் ஆறு டீமுக்கு நேராக ஒலிம்பிக், இவருடைய ஸ்காட்லாந்து (ஒலிம்பிக்கில் அது பிரிட்டன் என்ற பேரில் ஆடும்) எட்டாவதாக முடித்தது. பிறகு டீமை மாற்றியமைத்து, பழைய டீமில் இருந்த விக்கி ரைட், ஜெனிஃபர் டாட்ஸோடு ஹெய்லி டஃப்பையும் சேர்த்துக்கொண்டு லேவார்டனுக்கு வந்தார். பெண்களில் அங்கே இடம் வாங்கியவை மூன்று: முயர்ஹெட் டீம், ஜப்பான், கொரியா.

பெய்ஜிங்கில் லீக் முடிந்தபோது பிரிட்டன், ஜப்பான், கனடா மூன்றும் 5 வெற்றி, 4 தோல்வி. அரையிறுதியில் மிச்சம் இருந்த இடம் இரண்டு. தங்களுக்குள் யார் யாரை ஜெயித்தார்கள் என்று பார்த்தால், கனடா பிரிட்டனை, பிரிட்டன் ஜப்பானை, ஜப்பான் கனடாவை. வட்டமாகச் சுற்றி வந்து நின்றுவிட்டது. அப்போது எடுத்தார்கள் அந்த அட்டையை. ஆட்டத்துக்கு முன்னால், ஆளில்லாத நேரத்தில், காபி வாங்கப் போயிருந்தவர்கள் பார்க்காத அந்த இரண்டு கல்லின் சராசரி. பிரிட்டனுக்கும் ஜப்பானுக்கும் ஏறக்குறைய 36 சென்டிமீட்டர். கனடாவுக்கு 45. கனடாவின் ஸ்கிப் ஜெனிஃபர் ஜோன்ஸ் போன்ற ஒரு ஜாம்பவானின் ஒலிம்பிக் அந்த ஒன்பது சென்டிமீட்டரோடு முடிந்தது. அரையிறுதியில் பிரிட்டன் கூடுதல் எண்டு வரைக்கும் போய் ஸ்வீடனை 12-11 என்று தட்டியது. ஜப்பான் சுவிட்சர்லாந்தை வென்றது. பிறகு நடந்ததுதான் மேலே சொன்ன ஃபைனல்.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆட்டுப் பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர், திறந்தவெளிக் குளத்தில் ஆடி வளர்ந்த கை. அவருக்கு இந்த ஏற்பாடே பிடிக்காது. "எதிராளி இல்லாமல் போட்ட கல்லை வைத்து ஒருவரை வெளியே அனுப்புவது என்ன நியாயம்? முன்னெல்லாம் சமமாக நின்றால் இன்னொரு ஆட்டம் ஆடித் தீர்த்துக்கொள்வார்கள்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. பியோங்சாங்கில்கூட ஆண்களில் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் அப்படி ஓர் ஆட்டம் ஆடித்தான் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் களைத்துப்போன இரண்டு டீம் காலையில் எழுந்து வந்து ஆடுகிற ஒரே ஓர் ஆட்டத்தைவிட, ஒரு வாரமாக நாலு பேரும் மாறி மாறிப் போட்ட கல்லின் சராசரியை நான் நம்புவேன். ஒரு தடவை எடுத்த ரத்தப் பரிசோதனையை வைத்து நாங்கள் யாருக்கும் நோய் என்று சொல்வதில்லை. அவரிடம் இதைச் சொன்னால், "நீ ரத்தத்தையே பார், நான் ஐஸைப் பார்க்கிறேன்" என்பார்.

நேஸ்பி, லோயா போன்ற உலகத் தகுதிப் போட்டிகள் இப்போது இல்லை. 2022-இல் பான் கான்டினென்டல் சாம்பியன்ஷிப் என்று ஒன்றை கேல்கரியில் தொடங்கி, அதிலிருந்தும் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பிலிருந்தும் நேராகவே உலகப் போட்டிக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம் என்பது புரிகிறது. எனக்கு வருத்தம்தான். நூற்றுச் சொச்சம் ஜனம் உள்ள ஊருக்கு இனி எந்த சாக்கில் இந்த டீம்கள் வரப்போகின்றன? ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டி மட்டும் இருக்கிறது. 2013-இல் ஃபுஸ்ஸன், 2017-இல் பில்சன், 2021-இல் லேவார்டன், 2025 டிசம்பரில் கனடாவின் கெலோனா.

அந்த ஒளிபரப்புகளில் எனக்கு ஒரே குறை. முதல் எண்டிலிருந்துதான் காட்டுகிறார்கள். முன்னால் போட்ட இரண்டு கல்லை ஒரு மூலையில் எண்ணாக மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் இப்போதெல்லாம் சமையலறையிலிருந்தே "என்ன, எத்தனை சென்டிமீட்டர்?" என்று கேட்கிறார்.

எங்கள் கிளப் லீக்கிலும் இந்த சீசன் முதல் ஆட்டத்துக்கு முன் இரண்டு கல் போட்டு அளந்து வைக்கலாம் என்று ஒரு யோசனை எழுதிக் கமிட்டிக்குக் கொடுத்திருக்கிறேன். அளக்கிற வேலையை நானே செய்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். பெரியவர் எதிர்த்து ஓட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டார். போன சனிக்கிழமை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, பயிற்சி முடிந்த பிறகும் தனியாக நின்று பட்டனுக்குக் கல் போட்டுக்கொண்டிருந்தார்.